குடத்துக்குள் கைவிட்ட பையன்

1)
உத்திரமேரூர்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது குடவோலைத் தேர்தல்தான். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்க வெளியூர்லேர்ந்து வர்றவங்க, யார் தேர்தல்ல நிக்கலாம், யார் நிக்கக் கூடாதுன்னு படிச்சுட்டுப் போயிடுவாங்க. அந்தக் கல்வெட்டுல ஒரு சின்னப் பையனும் இருக்கான். அவனை யாரும் கவனிக்கிறதில்ல.

இந்த இழை அவனைப் பத்தி. அவன் வழியா, நம்ம வீட்டுல இருக்கிற 3 வயசு, 4 வயசுப் பிள்ளைங்களோட விளையாட்டைப் பத்தி. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க மக்களே.

2)
முதலாம் பராந்தக சோழன் காலம். கி.பி. 919-ல் ஒரு சட்டம் எழுதறாங்க. ரெண்டே வருஷத்துல, 921-ல், அதைத் திருத்தி இன்னொண்ணு. ஊரை 30 குடும்புகளாகப் பிரிச்சிருந்தாங்க. குடும்புன்னா இன்னைக்கு வார்டு மாதிரி வெச்சுக்கோங்க. தகுதி உள்ளவங்க பேரை ஓலை நறுக்குல எழுதி, குடும்பு குடும்பா கட்டிக் குடத்துல போடணும்.

சபை கூடுற அன்னைக்குச் சிறுவர் முதல் முதியவர் வரை எல்லாரும் வந்தாகணும். கோயில் நம்பிமார்ல வயசுல மூத்தவர், கூட்டம் முழுக்கப் பார்க்கிற மாதிரி குடத்தைத் தூக்கிப் பிடிக்கணும்.

3)
ஓலையை எடுக்கிறது யாரு? உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத ஒரு பாலகன்.

முதல்ல ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரிச்சு வேற குடத்துல போட்டுக் குலுக்குவாங்க. அதுலேர்ந்து ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தர்கிட்ட கொடுப்பான். அதை அவர் எப்படி வாங்கணும்னுகூட விதி இருக்கு: அஞ்சு விரலையும் நல்லா விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். கைக்குள்ள மறைச்சு வேற ஓலையை மாத்திடக் கூடாதே! அவர் படிச்ச பிறகு, அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிக்கணும்.

4)
இப்போ விதிகள் எல்லாம் யாருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

போட்டியிடறவருக்கு வயசு 35-லேர்ந்து 70-க்குள்ள. கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம். சொந்த மனையில வீடு. வேதப் படிப்பு. கடந்த மூணு வருஷத்துல வாரியத்துல இருந்திருக்கக் கூடாது. முன்னே பதவியில இருந்து கணக்குக் காட்டாதவரும் நிக்க முடியாது, அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் நிக்க முடியாது. குடத்தைத் தூக்குறவருக்கு விதி. ஓலையை வாங்குறவருக்கு விதி.

பையனுக்கு? கையை விடு, ஒண்ணு எடு, கொடு. அவ்வளவுதான். எதை எடுக்கணும்னு அவன்கிட்ட யாரும் சொல்ல முடியாது.

5)
இதைப் பெருமைக் கதையா சொல்ல வரல. அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். பெண்களுக்கும், நிலமில்லாதவங்களுக்கும், அந்த மண்ணை உழுதவங்களுக்கும் அந்தக் குடத்துல ஓலை கிடையாது. பையன் மேல இருந்த பாசத்துல எழுதின சட்டமும் இல்ல. பெரியவங்களுக்கு ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை இல்ல, அதனால பையனைக் கூப்பிட்டாங்க.

ஆனா ஒரு விஷயம் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. பையனோட கை சுதந்திரமா இருக்கணும்னா, சுத்தி நிக்கிற பெரியவங்க கையைக் கட்டிப் போடணும். விளையாட்டு வழிக் கல்வியில சுதந்திரம் எவ்வளவு, கட்டுப்பாடு எவ்வளவுன்னு கேக்கிறவங்களுக்கு என்கிட்ட இருக்கிற பதில் இதுதான். நம்ம மாநிலத்துல இது எப்போ நடந்துச்சு, எப்போ நடக்காம போச்சுன்னு வரிசையா பார்ப்போம்.

6)
"டாக்டருக்கு இதுல என்னங்க வேலை?"ன்னு கேப்பீங்க. சொல்றேன்.

பள்ளிக்கூடம் திறந்த ஒண்ணு ரெண்டு மாசத்துல ஓபிக்கு வர்ற 3, 4 வயசுப் பிள்ளைங்கள்ல சிலருக்குக் காய்ச்சலும் இருக்காது, சளியும் இருக்காது. "எழுதவே மாட்டேங்குறான் சார், டானிக் ஏதாவது எழுதிக் கொடுங்க." இன்னொரு அம்மா: "ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறா சார்." கூட வந்த ஆயா மெதுவா சொல்வாங்க: "மண்ணுல கை வெச்சாலே அடிக்கிறா சார், புள்ள இன்னா பண்ணும்?"

வேற சில வீட்டுல நேர் எதிர். "கொழந்தன்னா அப்படித்தான், விட்டுடுங்க"ன்னு சொல்லி, போனைக் கையில கொடுத்துட்டு நாலு மணி நேரம் திரும்பிப் பார்க்கிறதில்ல. ரெண்டு வீட்டுலயும் பேச்சு பிள்ளையைப் பத்தி மட்டும்தான். சுத்தி இருக்கிற பெரியவங்க என்ன செய்யணும்ங்கிற பேச்சே வர்றதில்ல.

7)
முதல்ல தமிழ்ல இருக்கிற பழைய கணக்கைப் பார்ப்போம். பிள்ளைத்தமிழ் குழந்தைப் பருவத்தைப் பத்தாப் பிரிக்குது. மரபுப்படி 5-ம் மாசம் செங்கீரை, அதாவது தலையை நிமிர்த்தி ஆடுறது. 9-ம் மாசம் சப்பாணி, கை தட்டுறது. 13-ம் மாசம் வருகை, தளர்நடை. எம்.பி.பி.எஸ்-ல நாங்க மனப்பாடம் பண்ணின வளர்ச்சி அட்டவணையோட இது கிட்டத்தட்ட ஒத்துப் போகும்.

கடைசி மூணு பருவம் முழுக்க விளையாட்டு. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல்னு வரும்.

8)
அதுல சிற்றில் பருவத்தை மட்டும் பாருங்க. சிறுமிகள் மணல்ல குட்டி வீடு கட்டி விளையாடுறாங்க. பாட்டுடைத் தலைவனான பிள்ளை அதைக் காலால கலைக்க வர்றான். "வேண்டாம், கலைக்காதே"ன்னு அவங்க கெஞ்சுறாங்க.

மணல்ல என்ன வேணும்னாலும் கட்டலாம், எப்படி வேணும்னாலும் கட்டலாம். அடுத்தவங்க கட்டினதை மிதிக்கக் கூடாது. சுதந்திரமும் எல்லையும் ஒரே காட்சியில இருக்கு. விளையாட்டுக்கு எல்லை வேணும்ங்கிறதை நாம வெளிநாட்டுலேர்ந்து கத்துக்க வேண்டிய அவசியம் இல்லை.

9)
அப்புறம் திண்ணைப் பள்ளிக்கூடம். 1822-ல சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, எல்லா மாவட்டத்துலயும் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைன்னு கணக்கு எடுக்கச் சொன்னார். 1826-ல அவர் கொடுத்த கூட்டுத்தொகை 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெண் பிள்ளைகள் மிகச் சிலர்தான்.

பிள்ளை முதல்ல கத்துக்கிட்டது மணல்ல, விரலால. ஒரு டாக்டரா சொல்றேன், அந்த வயசுக் கைக்கு அது அருமையான ஏற்பாடு. தப்பா எழுதினா ஒரு தடவு தடவினா போச்சு. பென்சிலை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்ல. அடுத்ததா ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும்.

10)
பொருள் நல்ல பொருள். விதி? அது முழுக்கப் பிள்ளை மேல.

பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823-ல எழுதின அறிக்கையில ஒரு வழக்கம் வருது. காலையில முதல்ல வர்ற பிள்ளையோட உள்ளங்கையில சரஸ்வதி பேரை எழுதுவாங்க. ரெண்டாவது வர்றவனுக்குச் சுழி. மூணாவது வர்றவனுக்கு ஒரு அடி, அடுத்தவனுக்கு ரெண்டு அடி, இப்படியே ஏறிக்கிட்டே போகும். நம்ம ஊர்ப் பக்கம் கோதண்டம்னு ஒரு தண்டனை இருந்துச்சு: உத்தரத்துல கயித்தைக் கட்டிப் பிள்ளையைத் தொங்க விடுறது. அண்ணாவி எப்படி நடந்துக்கணும்னு கேக்க ஆளே இல்ல. உத்திரமேரூர்க் குடத்தை அப்படியே தலைகீழா கவுத்தா எப்படி இருக்குமோ, அப்படி.

11)
இதே மணலை ஒரு வெள்ளைக்காரர் பார்த்தார். ஆண்ட்ரூ பெல்னு ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789-லேர்ந்து சென்னை எழும்பூர்ல சிப்பாய்களோட அனாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியைக் கவனிச்சுக்கிட்டார். நம்ம பிள்ளைங்க மணல்ல எழுதுறதையும், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறதையும் பார்த்து அங்கே செஞ்சு பார்த்தார். 1797-ல லண்டன்ல புத்தகமா போட்டார். இங்கிலாந்து முழுக்க 'மெட்ராஸ் முறை'ன்னு பரவிச்சு.

அங்கே போனதும் என்ன ஆச்சு? ஒரே ஆசிரியர், நூத்துக்கணக்குல பிள்ளைங்க, வரிசை, சைகை, கட்டளை. செலவு கம்மிங்கிறதுதான் பெரிய ஈர்ப்பு. விரலும் மணலும் கப்பல் ஏறிச்சு. விளையாட்டு இங்கேயே நின்னு போச்சு.

12)
இப்போ இந்தக் கதையோட நடுப்பகுதி. 1939 நவம்பர். 69 வயசு இத்தாலியப் பெண்மணி ஒருத்தர் சென்னைக்கு வர்றாங்க, மகன் மாரியோவோட. பேரு மரியா மாண்டிசோரி.

பேரைக் கேட்டதும் இன்னைக்கு நமக்கு ஞாபகம் வர்றது கலர் கலரா போர்டு வெச்ச நர்சரிப் பள்ளி. அவங்க அடிப்படையில டாக்டர். 1896-ல ரோம் பல்கலைக்கழகத்துல மருத்துவப் பட்டம் வாங்கினவங்க. முதல் 'குழந்தைகள் இல்லம்' 1907 ஜனவரி 6-ல ரோம் நகரத்துல சான் லோரென்சோங்கிற ஏழைக் குடியிருப்புல ஆரம்பிச்சது. பணக்கார வீட்டுப் பிள்ளைங்களுக்காக உருவான முறை இல்ல. முசோலினி அரசோட ஒத்துப் போகாம 1934-ல நாட்டை விட்டு வந்துட்டாங்க.

13)
அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் கூப்பிட்டுத்தான் வந்தாங்க. சில மாசம் பயிற்சி கொடுத்துட்டுத் திரும்பிடலாம்னு திட்டம். முதல் பயிற்சிக்கே நாடு முழுக்க இருந்து சுமார் 300 பேர் வந்தாங்க.

1940 ஜூன் 10-ல இத்தாலி போர்ல இறங்குது. அடுத்த நாளே பிரிட்டிஷ் இந்தியாவுல இருக்கிற இத்தாலியர் எல்லாரும் எதிரி நாட்டவர். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டு போயிட்டாங்க. மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாதுன்னு உத்தரவு. ஆகஸ்ட் 31, அவங்களோட 70-வது பிறந்தநாள். அன்னைக்குத்தான் மகனைத் திருப்பி அனுப்பினாங்க.

14)
அப்புறம் கொடைக்கானல்ல தங்க அனுமதி கிடைச்சது. அங்கே பல வயசுப் பிள்ளைங்களைச் சேர்த்து ஒரு சின்னப் பள்ளி நடந்துச்சு. மலை, ஓடை, பூச்சி, செடின்னு எல்லாம் பாடமாச்சு. செடிகளையும் விலங்குகளையும் பத்தின பாடங்கள் பலது அங்கே உருவானதுதான். 1946-ல ஐரோப்பா திரும்பிட்டு மறுபடியும் வந்தாங்க. இந்தியாவுல அவங்க பேசின பேச்சுகள்லேர்ந்து உருவான புத்தகம், பிறந்ததுலேர்ந்து 6 வயசு வரைக்கும் பிள்ளையோட மனசு எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றது, 1949-ல அடையாறுலதான் அச்சாச்சு.

குழந்தையோட சுதந்திரத்தைப் பத்தி அந்த அம்மா இவ்வளவு யோசிச்ச வருஷங்கள்ல, அனுமதி இல்லாம ஊர் விட்டு ஊர் போக அவங்களுக்கே முடியாது.

15)
சரி, அவங்க சொன்ன சுதந்திரம்னா என்ன? "என்ன வேணா பண்ணிக்கோ" இல்ல. பிள்ளை எந்தப் பொருளை எடுக்கலாம், எவ்வளவு நேரம் வெச்சுக்கலாம், தரையில உக்காரலாமா, மேஜையிலயாங்கிறது அவன் இஷ்டம். ஆனா ஒவ்வொரு பொருளும் வகுப்புல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். அடுத்தவன் வெச்சிருந்தா காத்திருக்கணும். முடிச்சதும் எடுத்த இடத்துல வைக்கணும். யாரையும் அடிக்கக் கூடாது, யாரோட வேலையையும் கெடுக்கக் கூடாது.

'காத்திரு'ன்னு டீச்சர் நூறு தடவை கத்த வேண்டியதில்ல. பொருள் ஒண்ணுதான் இருக்கு, அதுவே சொல்லிக் கொடுத்துடும்.

16)
பலர் கவனிக்காம விடுற பகுதி ஒண்ணு இருக்கு. அந்தப் பயிற்சிக்கு வந்த பெரியவங்க கத்துக்கிட்டதுல பெரும்பகுதி, தன்னை எப்படி அடக்கிக்கிறதுங்கிறதுதான். பிள்ளை மும்முரமா இருக்கும்போது குறுக்கே பேசாதே. அவனால முடியறதை நீ செஞ்சு கொடுக்காதே. முதல்ல கவனி, குறிச்சு வை. மேஜை நாற்காலி அவன் உயரத்துக்கு இருக்கணும். அலமாரி அவன் கைக்கு எட்டணும்.

பெரியவங்களுக்கு நீளமான பட்டியல், பிள்ளைக்கு ரெண்டு மூணு விதி. உத்திரமேரூர்க் கல்வெட்டுல பார்த்த அதே விகிதம்.

17)
குறையும் இருந்துச்சு. மரத்துல செஞ்ச அந்தக் கருவிகள் விலை அதிகம். 1931-ல காந்தி லண்டன்ல மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரிக்குப் போனப்போ, இது இந்தியக் கிராமத்துல அரைப் பட்டினியில கிடக்கிற பிள்ளைங்களுக்கும் வந்து சேரணும்ங்கிற ஏக்கத்தைத்தான் பேசினார்.

அதைச் செஞ்சு காட்டினது குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்து ஆட்கள். வக்கீல் தொழிலை விட்டுட்டு 1920-ல பவநகர்ல பாலமந்திர் தொடங்கினவர் கிஜுபாய் பதேகா. அவரோட வேலை பார்த்த தாராபாய் மோடக், 1945-ல போர்டிங்கிற கடலோரக் கிராமத்துல ஆரம்பிச்சாங்க. மரக் கருவிக்குப் பதிலா கூழாங்கல், விதை, கிளிஞ்சல், இலை. பிள்ளைங்க பள்ளிக்கு வரலையா? சரி, பள்ளியையே அவங்க வீட்டு முற்றத்துக்குக் கொண்டு போனாங்க. முற்றத்துக்கு அங்கே 'அங்கன்'னு பேரு. 'அங்கன்வாடி' வந்த வழி அதுதான்.

18)
1975 அக்டோபர் 2-ல மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை நாட்டுல 33 வட்டாரத்துல தொடங்கிச்சு. தமிழ்நாட்டுல 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பிச்சப்போ, 2 வயசுலேர்ந்தே கிராமத்துப் பிள்ளைங்களுக்குச் சோறு கிடைச்சது. இன்னைக்கு மாநிலத்துல 54 ஆயிரத்துக்கும் மேல மையங்கள் இருக்கு.

சோறு வந்தது பெரிய விஷயம். ஒரு டாக்டரா அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா முற்றம் கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சு போச்சு. பாலவாடின்னா குழந்தைகளுக்கான தோட்டம். நம்ம வாய்ல அது 'பால்வாடி' ஆச்சு. சத்துமாவு, முட்டை, எடை போடுறதுன்னு மட்டும் ஊர்ல பதிஞ்சு போச்சு. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'ன்னு அழகான பாடத்திட்டம் அங்கே இருக்குங்கிறது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

19)
அடுத்தது 2003. சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார், ஆந்திராவுல ரிஷிவேலி பள்ளிக்காரங்க கிராமப் பிள்ளைங்களுக்காகச் செஞ்ச முறையைப் பார்த்து, 13 மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றலை ஆரம்பிச்சார். 2007-08-ல மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போச்சு.

அந்த வகுப்பு எப்படி இருந்துச்சுன்னு இப்போ 25 வயசு ஆனவங்களைக் கேட்டுப் பாருங்க. சுவரைச் சுத்திப் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை. தரையில பாய். டீச்சரும் பாய்ல. ஏணிப்படம் பார்த்து, தனக்கான அட்டையைப் பிள்ளையே தட்டுலேர்ந்து எடுத்துக்கும். வருகைப் பதிவும் அதுவே பண்ணிக்கும்.

20)
நாற்காலியை விட்டு டீச்சர் தரையில உக்காந்தது சின்ன விஷயம் இல்லீங்க. பெரியவங்க மேல போட்ட கட்டுப்பாடு அது. கையில குச்சியோட மேலேர்ந்து பார்த்தவர், பிள்ளையோட கண்ணு மட்டத்துக்கு வந்தார்.

எங்கே சறுக்குச்சு? அட்டையை முடிச்சாச்சான்னு டிக் போடுறதே பல இடத்துல வேலையாச்சு. வேகம் பிள்ளையோட இஷ்டம், ஆனா ஏணியில படியைத் தாண்டவோ பக்கத்துல ஒதுங்கவோ இடமில்ல. வீட்டுல "நோட்டு இல்ல, ஹோம்வொர்க் இல்ல, சும்மா விளையாடிட்டு வருது"ன்னு குறை. அவங்ககிட்ட உக்காந்து விளக்கிச் சொல்ல ஆளில்ல. அப்புறம் எளிமைப்படுத்தின வடிவம் வந்துச்சு. 2022-ல எண்ணும் எழுத்தும் வந்துச்சு.

21)
செயல்வழிக் கற்றல் சென்னையில வளர ஆரம்பிச்ச அதே காலம். 2004 ஜூலை 16. கும்பகோணம். சமையற்கட்டுலேர்ந்து கிளம்பின தீ கூரைக்குப் பரவி, 94 பிள்ளைங்க செத்துப் போனாங்க. கீத்துக் கூரை, நெருக்கமான வகுப்பு, குறுகின வழி.

அந்தப் பிள்ளைங்க ஒழுங்கா, வரிசையா, சத்தம் போடாம உக்கார வைக்கப்பட்ட பிள்ளைங்கதான். விதி மீறினது பெரியவங்க. கூரையைச் சரியா போட, வழியை அகலமா விட, ஆய்வுக்கு வந்து உண்மையை எழுத வேண்டியவங்க. 'பிள்ளைக்குக் கட்டுப்பாடு வேணும்'னு யாராவது பேசும்போது எனக்கு இந்த நாள் ஞாபகம் வரும். எந்தக் கட்டுப்பாடு? யாருக்கு?

22)
2019 ஜனவரியில, நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்கிற 2,381 அங்கன்வாடி மையங்கள்ல எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினாங்க. அந்தப் பேரு வேணும்னு பெற்றோர் கேக்கிறாங்க, அது நியாயம்தான். கூலி வேலைக்குப் போற அம்மாவுக்கு, தன் பிள்ளையும் டை கட்டிப் போகணும்னு ஆசை இருக்காதா? ஆனா அந்தப் பேரோட சேர்த்து 3 வயசுல நாலு கோடு நோட்டும் வந்துடக் கூடாது.

ஏன்னு எக்ஸ்ரேவை வெச்சுச் சொல்றேன். நம்ம மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்கு. பிறக்கும்போது அது எல்லாமே குருத்தெலும்பு, எக்ஸ்ரேவுல தெரியாது. 3 வயசுல மூணோ நாலோ தெரியும். எட்டும் தெரிய 9-லேர்ந்து 12 வயசு ஆகும். 3 வயசுப் பிள்ளை வட்டம் வரையும். 4 வயசுல கூட்டல் குறி. 5 வயசை ஒட்டிச் சதுரம், முக்கோணம். சுழியும் வளைவும் சேர்ந்த 'அ' அதுக்கும் மேல.

எழுத்தைக் காட்டவே கூடாதுன்னு சொல்லல. களிமண் உருட்டட்டும், பூ கோக்கட்டும், மணல்ல கிறுக்கட்டும். எழுதுற கை அப்படித்தான் தயாராகும்.

23)
பிள்ளைங்ககிட்ட விட்டா கட்டுப்பாடே இருக்காதுன்னு பயப்படுறவங்களுக்கு ஒரு உதாரணம்: ஒப்புக்குச் சப்பாணி.

தெருவுல கண்ணாமூச்சி நடக்குது. 3 வயசுத் தம்பி "நானும் வருவேன்"னு அழுறான். அக்கா என்ன பண்ணுவா? துரத்த மாட்டா. "இவன் ஒப்புக்குச் சப்பாணி"ன்னு அறிவிப்பா. அவன் ஓடலாம், ஒளியலாம், பிடிபட்டாலும் அவுட் இல்ல. மத்தவங்களுக்கு விதி அப்படியே நிக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அவனே "எனக்கு ஒப்புக்குச் சப்பாணி வேணாம், நிஜமாவே ஆடுறேன்"னு விதியைக் கேட்டு வாங்கிக்குவான்.

எந்தப் பயிற்சியும் இல்லாம 8 வயசுச் சிறுமி செய்யற காரியம் இது. சின்னவனுக்கு விதியைத் தளர்த்தறது, விளையாட்டைக் குலைய விடாம இருக்கிறது, ரெண்டையும் ஒண்ணா. நாம பக்கத்துல இருந்தா போதும்.

24)
சரி டாக்டர், வீட்டுல என்ன பண்றது? பெரியவங்களுக்கான விதிகள் இதோ. பிள்ளைக்கு இல்ல, நமக்கு.

தண்ணி: நம்ம ஊர் ஏரி ஊர். உலக அளவுல தண்ணியில மூழ்கிச் சாகறது 1-லேர்ந்து 4 வயசுப் பிள்ளைங்ககிட்டதான் அதிகம். கிணத்துக்கு மூடி, சம்ப்புக்கு மூடி, பக்கெட்டுல தண்ணி தேக்கி வைக்காதீங்க. வேலியைத் தண்ணிக்குப் போடுங்க, பிள்ளைக்கு வேணாம்.

பொருள்: 3 வயசுக்குக் கீழே புளியங்கொட்டை, கோலி, மணி, பட்டன் பேட்டரி கைக்கு எட்டக் கூடாது. மூச்சுக்குழாய்ல மாட்டும். பேட்டரி உணவுக்குழாயையே அரிச்சுடும். குன்றிமணி, அரளிக்காய், ஊமத்தை எந்த வயசுலயும் விளையாட்டுப் பொருள் இல்ல, விஷம்.

மண்: விளையாடட்டும். காலுக்குச் செருப்பு, வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவறது, அங்கன்வாடியில பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கிற குடற்புழு மாத்திரை. இது மூணும் நம்ம பொறுப்பு.

25)
நேரம்: உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது, 3, 4 வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 180 நிமிஷம் உடம்பு அசையணும். அதுல 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாடணும். திரை ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது, குறைஞ்சா இன்னும் நல்லது. போனைப் பிடுங்கறதுக்கு முன்னாடி நம்ம போனைக் கீழே வைக்கணும். இதுதான் எல்லாத்துலயும் கஷ்டம்.

கை: அடிக்காதீங்க. பள்ளியில அடிக்கிறதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவு தடை பண்ணியிருக்கு. வீட்டுல அந்தச் சட்டம் வராது, நாமதான் போட்டுக்கணும்.

பிள்ளைக்கு மூணே விதி போதும்: யாரையும் அடிக்காதே, அடுத்தவங்களோடதைக் கெடுக்காதே, எடுத்ததை எடுத்த இடத்துல வை. மூணையும் தினமும் ஒரே மாதிரி சொல்லுங்க. நேத்து சிரிச்சுட்டு இன்னைக்கு அடிச்சா, எல்லை எங்கே இருக்குன்னே பிள்ளைக்குத் தெரியாது.

26)
அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. அங்கன்வாடிப் பணியாளர் ஒருத்தரே பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கணும், எடை போடணும், கர்ப்பிணி வீட்டுக்குப் போகணும், சத்துமாவு கணக்கு எழுதணும், போஷன் ட்ராக்கர் செயலியில ஏத்தணும். பல ஊர்ல வாக்காளர் பட்டியல் வேலையும் அவங்க தலையில. இப்படி இருக்கிறவங்க எப்போ உக்காந்து ஒரு பிள்ளை விளையாடுறதைக் கவனிப்பாங்க? காலையில ரெண்டு மணி நேரம் அவங்களை வேற எந்த வேலைக்கும் கூப்பிடக் கூடாதுன்னு ஒரு விதி போட்டா, பாதிப் பிரச்சினை தீரும். அந்த விதியும் பெரியவங்களுக்கானதுதான்.

27)
கடைசியா பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மாசம் ஒரு நாள் உங்க பிள்ளை போற அங்கன்வாடிக்கோ நர்சரிக்கோ போய் அரை மணி நேரம் சும்மா உக்காருங்க. கதவு எந்தப் பக்கம் திறக்குது, சமையல் எங்கே நடக்குது, தண்ணித் தொட்டிக்கு மூடி இருக்கா, விளையாட்டுச் சாமான் பிள்ளை கைக்கு எட்டுதா இல்ல பீரோவுக்கு மேல பூட்டி இருக்கான்னு பாருங்க. சாயங்காலம் பிள்ளைகிட்ட "இன்னைக்கு என்ன எழுதினே?"ன்னு கேக்காதீங்க. "யாரோட விளையாடினே? சண்டை வந்துச்சா? எப்படிச் சரி பண்ணினீங்க?"ன்னு கேளுங்க. பதிலை முழுசா கேளுங்க, நடுவுல திருத்தாதீங்க.

எழுத மாட்டேங்குறான்னு டானிக் கேட்டு வர்றவங்களுக்கு இந்த இழையை அனுப்புங்க. டானிக் வேண்டாம்.


உத்திரமேரூர் வட்டாரத்துலேர்ந்து ஒரு மருத்துவர்.